நெற்றியில் இறுகிய சுரங்கச் சேறு

ஐயர் வீட்டுப் பிள்ளை கையில் கிண்ணத்தோடு பஸ் ஏறக்கூடாது. உள்ளே என்ன இருந்தாலும் சனம் அதைப் பிரசாதம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எண்பதுகளின் நடுவில், என் முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போன வெள்ளிக்கிழமை இது எனக்கு விளங்கியது.

அப்பா நயினாதீவில் அம்மன் கோயில் குருக்கள். நான் பூசையை விட்டுச் சுரங்கப் பொறியியல் படித்தவன். யாழ்ப்பாணத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. (கிடைக்காவிட்டால் மணியும் கையுமாக அப்பாவுக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான்.) கல்லைக் கழுவிய சேற்றை அணை கட்டித் தேக்குவார்கள், மாரியில் அணை உடைந்து சேறு தோட்டங்களுக்குள் போகும். அந்தச் சேற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்துத் தடித்த பசையாக்கினால் அணையே தேவையில்லை, குவித்தால் குவித்தபடி நிற்கும் என்று படித்திருந்தேன். அதை வாயால் சொன்னால் போதாதா? எனக்குப் போதாது, செய்தும் காட்டவேண்டும். கல்மாவைக் குழைத்து, கொஞ்சம் சீமெந்தும் சேர்த்து, குசினியில் அகப்பட்ட பித்தளைக் கிண்ணத்தில் நிரப்பினேன். மூடி கிடைக்கவில்லை. வாழையிலையால் மூடிக்கொண்டு வள்ளம் ஏறினேன்.

அக்கரையில் குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் ஏறியதும், தண்ணீர் பிரிந்து மேலே நிற்கிறதா என்று பார்க்க இலையை விலக்கினேன். ஒரு சொட்டும் இல்லை. பசை சந்தன நிறத்தில் மினுங்கியது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

பக்கத்தில், கோயிலுக்கு வந்து திரும்பும் பராசக்தி அக்கா இருந்தார். "சின்னையா, அம்மாளின்ரை சந்தனமே?" கேட்டு முடியுமுன் விரல் கிண்ணத்துக்குள். நான் வாயைத் திறந்தபோது அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிடுகிற மனிசியிடம் "அக்கா, அது கழிவுச் சேறு" என்று எப்படிச் சொல்வது?

"எனக்கும் கொஞ்சம் தாங்கோ, ஐயா."

"பின்னுக்கும் விடுங்கோ!"

கிண்ணம் பஸ் முழுக்கச் சுற்றியது. சாரதிகூட ஒரு கையால் வளைவைத் திருப்பியபடி நெற்றியை நீட்டினார். திரும்பி வந்த கிண்ணத்தை யாரோ வழித்தே துடைத்திருந்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரில்தான் அலுவலகம். நேர்முகம் நடத்திய பெரியவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மாதிரி கொண்டு வாறன் எண்டு எழுதினீர். எங்கை?"

"பஸ்ஸிலை வந்த ஆக்களின்ரை நெத்தியிலை, சேர்."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெயிலுக்கை வேர்த்திருப்பினமே. வழிஞ்சுதோ?"

"இல்லை, சேர்."

"வாரும், பாப்பம்."

பராசக்தி அக்கா அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றார். பெரியவர் குனிந்து அவர் நெற்றியை ஆராய்ந்தார். அனுமதி கேட்டு நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"அசையேல்லை," என்றார் என்னிடம்.

அக்கா புருவத்தை உயர்த்த முயன்று தோற்றார். "அம்மாள் இறுக்கிப் பிடிச்சிருக்கிறா," என்றார் பக்தியோடு.

வேலை கிடைத்தது. சில வருடங்களில் சண்டை வந்து கல் அகழ்வது நின்றது. அந்த பஸ்ஸில் வந்தவர்கள் எந்தெந்த நாட்டிலோ. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் நெரிசலை இன்றும் மனம் தேடுகிறது. அப்பா கடைசிவரை என்னைக் கோயில் சந்தனத்தைக் குழைக்க விடவேயில்லை. இங்கே கனடாவில், வீட்டுப் பூசை முடிந்து நான் திருநீற்றுத் தட்டை நீட்டினால், மகள் நெற்றியைப் பொத்திக்கொண்டு கேட்பாள்: "அப்பா, இது கழுவினால் போகுமே?"