எட்டு மணி பஸ்ஸின் சைகாலஜி அக்கா

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறிய யாரும் ஏறியபோது இருந்த அதே ஆளாக இறங்கியதில்லை. சாலை நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸும் அதன் வயதுக்குப் பரவாயில்லை. காரணம் கண்டக்டர்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. காக்கிச் சட்டையில் பெயர்ப் பட்டை உண்டு. டிக்கெட் மெஷினின் வார் அதை எப்போதும் மறைத்திருக்கும். எல்லாருக்கும் அவர் சைகாலஜி அக்கா. நான் அவரைவிடப் பத்து வயது பெரியவன், எனக்கும் அக்காதான். அவருக்கு நகரிப் பக்கம் விவசாயக் குடும்பம். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் அதட்டி, ஆங்கிலத்தில் முடிப்பார்.

எனக்குத் திருப்பதியில் ஒரு விதைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், ஆறு வருடமாக அதே சீட். ஒருநாள் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அக்கா நகராமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? தெனம் ஏன் இதே சீட்டு?"

"காத்து வருதுல்ல."

"காத்து நாலாவது சீட்டுலயும்தான் வருது. உங்களுக்குப் பயம் சார். எதுவும் மாறிடக்கூடாதுன்னு பயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி இருபது வருடமாகச் சொல்லிவருகிற விஷயம். அதைக் கட்டணம் கொடுத்து, பஸ்ஸில், முப்பது பேர் முன்னால் கேட்கவேண்டி வந்தது. மறுநாள் வீம்புக்கு நாலாவது சீட்டில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் நான் மூன்றாவது சீட்டுக்கே திரும்பிவிட்டேன். அதையும் குறித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பதவி உயர்வுக்கு டிகிரி வேண்டும் என்று அக்கா தபால்வழி பி.ஏ. சேர்ந்திருந்தார். பாடமெல்லாம் போனில். விருப்பப் பாடமாகச் சரித்திரம் எடுக்கத்தான் நினைத்தாராம்.

"நான் இஸ்டரின்னுதான் அமுக்கினேன் சார். பஸ்ஸு குலுங்கிச்சு. போனு சைகாலஜின்னு எடுத்துக்கினுச்சு. மாத்தலாமான்னு கேட்டா, டேட் போச்சும்மான்னுட்டாங்க."

மனித மனத்தைப் பற்றி முதலாமாண்டு மாணவர்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கு எல்லாம் தெரியும். எங்கள் மேல்தான் அத்தனையும் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது.

முதலில் வந்தது நாயும் மணியும் பாடம். மணி அடித்துச் சோறு போட்டால், கொஞ்ச நாளில் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். அக்காவிடம் நாய் இல்லை. நாங்கள் இருந்தோம். பூதலப்பட்டில் பஸ் நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் கொய்யாக் கூடை வரும். அந்த நிறுத்தம் வருவதற்கு முன்னால் அக்கா விசிலை மூன்று தடவை சின்னச் சின்னதாக ஊதத் தொடங்கினார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஆள் அரவமே இல்லாத ஒரு மாந்தோப்பைக் கடக்கும்போது அதே மூன்று விசில்.

பதினான்கு கைகள் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய். டிரைவர் நாகய்யா பிரேக்கே போட்டுவிட்டார். வெளியே கூடை இல்லை, கொய்யா இல்லை, ஒரு ஆடு மட்டும் எங்களை நிமிர்ந்து பார்த்தது. பதினான்கில் ஒரு கை என்னுடையது என்று தெரிந்தபோது எனக்கு வந்த அதிர்ச்சியைச் சொல்லி மாளாது.

"நேனு எந்துக்கு பிரேக் போட்டேன்?" என்று நாகய்யா தன் காலைப் பார்த்துத் தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். "ஏம்மா, நான் ஏன் பிரேக் போட்டேன்? சொல்லு!"

"அதாண்ணா சைகாலஜி" என்றார் அக்கா, எழுதிக்கொண்டே.

அடுத்தது, நாலு பேர் செய்வதை மற்றவர்களும் செய்வார்கள் என்கிற பாடம். தினமும் வருகிற நாலு பேரை அக்கா ரகசியமாகப் பிடித்தார். அதில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாகாலா கைகாட்டியைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் கல் வரும். அந்தக் கல் வரும்போது நாங்கள் எழுந்து நிற்கவேண்டும், கடந்ததும் உட்காரவேண்டும். யார் கேட்டாலும் காரணம் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பாதி பஸ் எழுந்தது. ஏழாம் நாள் சீருடையில் வந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் பஸ் அந்த இடத்துக்கு வந்தபோது கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தார்கள். அக்காவே அரண்டுவிட்டார்.

"போதும் சார், இந்தப் பாடத்த இத்தோட மூடிடலாம்" என்று என் காதில் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் உட்டா உண்டியல் வச்சிடுவாங்க."

சனிக்கிழமைகளில் நேரடி வகுப்பு. அன்றைக்கும் டியூட்டி என்பதால் ஒரு காதில் பேராசிரியை, மறு காதில் நாங்கள். ஒருநாள் மைக்கை மூட மறந்துவிட்டார். மனிதனின் ஆளுமை எப்படி உருவாகிறது என்று பேராசிரியை விளக்கிக்கொண்டிருந்த கட்டத்தில், இருநூறு மாணவர்கள் காதிலும் "அப்படியே பின்னாடி போ! வழில நிக்காத! உள்ள எடம் காலியாத்தானே கீது!" என்று கேட்டதாம். பேராசிரியை, "யாரோ நல்ல உதாரணம் சொல்கிறார்கள்" என்றாராம். இதை அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு மட்டும் அவ்வப்போது தனி வைத்தியம் நடக்கும். அலுவலகத்தில் மேலதிகாரியோடு எனக்கு ஆகாது. நான் வாயைத் திறந்து அதை யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க சோறு துன்றத விட கோவத்த அதிகம் துன்றீங்க சார்" என்பார் அக்கா. "பிரஷர் மாத்திரை போட்றீங்களா?"

"போடறேன்."

"பொய் சொல்றப்ப மூக்கத் தொட்றீங்க."

என் கை மூக்கில் இருந்தது.

பரீட்சை வந்தது. அதுவும் போனிலேயே, காலை பதினொரு மணிக்கு. பஸ் பத்து மணிக்குள் திருப்பதி போய்விடும். திரும்பும் டிரிப் பன்னிரண்டரைக்கு. நடுவில் ஊழியர் ஓய்வறையில் உட்கார்ந்து எழுதிவிடுவதாகத் திட்டம். அன்றைக்குக் காலையில் டிக்கெட் போட்டு முடித்ததும் அக்கா நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டை என்னிடம் கொடுத்தார்.

"கேள்வி கேளுங்க சார். தப்பா சொன்னா திட்டுங்க."

கேட்டேன். நினைவாற்றல், கனவு, கவனம் என்று ஒவ்வொன்றாக மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பின்சீட்டில் ஒருவர் "சபாஷ்" என்றுகூடச் சொன்னார். அடுத்த கேள்வி மூளை. 'மூளையின் இடது பாதி உடம்பின் எந்தப் பக்கத்தை இயக்குகிறது?' என்று நான் வாசித்தேன். வாசித்ததாகத்தான் நினைத்தேன்.

"இன்னா சார், இது தமிழா தெலுங்கா?"

மறுபடியும் வாசித்தேன். என் காதுக்கு நன்றாகத்தான் கேட்டது. நோட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது.

அக்கா எழுந்து என் முன்னால் வந்து நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"சார், சிரிங்க."

பஸ்ஸில் ஒரே சிரிப்பு. புதுப் பாடம் ஆரம்பமாகிவிட்டது என்று எல்லாருக்கும் குஷி.

"சிரிங்க சார்! பல்லு தெரியச் சிரிங்க. ரெண்டு கையும் மேல தூக்குங்க!"

ஐம்பது பேர் கையைத் தூக்கினார்கள். ஐம்பது பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்த பெண்கூட ஒரு கையைக் குழந்தைக்கு விட்டுவிட்டு மறு கையைத் தூக்கினாள். நானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இருந்தேன், என் கணக்கில். பிறகு குனிந்து பார்த்தேன். என் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டு இறங்கிப்போன பை மாதிரி மடியில் கிடந்தது. அது என் கை என்பதை நம்பவே முடியவில்லை.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதினார். அப்புறம் முன்னால் ஓடினார்.

"அண்ணா, எங்கியும் நிறுத்தாத. நேரா ஆஸ்பத்திரிக்கு உடு!"

"சந்திரகிரில எறங்கறவங்க கீறாங்களே?"

"திருப்பதி பாத்துட்டு வரட்டும்!"

நாகய்யா கண்ணாடியில் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். கொய்யாக் கதையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "இதுவும் பரீட்சையா?"

"பரீட்சை பதினோரு மணிக்குண்ணா" என்றார் அக்கா. "இது நெஜம்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் நாமே போய்விடலாம் என்று தெரிந்தது. நாகய்யா ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். சந்திரகிரியில் இறங்கவேண்டிய ஏழு பேரும் வாய் திறக்கவில்லை. அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஏதேதோ சொல்ல முயன்றேன்.

"பேசாதீங்க சார். வூட்டு நம்பரு மட்டும் வெரலால அமுக்குங்க. இடது கையால."

ஆஸ்பத்திரி வாசலில் முழு பஸ் ஒன்று வந்து நின்றதும் காவலாளி ஆடிப்போய்விட்டார். "பஸ் ஸ்டாண்டு அங்க! அங்க!" என்று கத்தினார். அவரை விலக்கிவிட்டு நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் ஒருவர் அந்த 'சபாஷ்' ஆசாமி. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது அக்கா உள்ளங்கையை நீட்டினார். "ஒம்போது வரைக்கும் சுத்தமா வாசிச்சாரு. ஒம்போது அஞ்சுக்கு கொழறிச்சு." பக்கவாதம். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதற்கான ஊசியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போடவேண்டுமாம். எப்போது தொடங்கியது என்று தெரியாதவர்களுக்குப் போடத் தயங்குவார்களாம். எனக்குப் போட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அவள் சித்தூரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, வார்டுக்கு வெளியே தரையில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் போனைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு ஆள் வரும்வரை போகமாட்டேன் என்று அங்கேயே பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். ஆனால் கேமராவில் எழுதுகிறவரைத் தவிர வேறு யாரும் தெரியக்கூடாது என்பது விதி. முதலில் ஒரு ஸ்ட்ரெச்சர் போனது, எச்சரிக்கை வந்தது. பிறகு ஒரு நர்ஸ், இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவதாகக் கேமராவுக்குள் வந்தது என் மனைவி.

"அவருக்கு என்னாச்சும்மா?" என்று அவள் கேட்டாள். போன் பரீட்சையை மூடிக்கொண்டது.

அக்கா ஒரு நொடி போனைப் பார்த்தார். அப்புறம் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தார். "ஊசி போட்டாச்சு. கைவிரல் அசையுதாம். அழாதீங்க, வாங்க" என்று என் மனைவியின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். ஒரு வருடப் படிப்பு அந்த நொடியில் போயிற்று என்பதை அவள் மறுநாள்தான் புரிந்துகொண்டாள்.

வழி மாறி பஸ்ஸை ஓட்டவைத்ததற்கு டிப்போவில் விசாரணை நடந்தது. "பஸ்ல இருந்த அம்பது பேரும் ஏன் ஆட்சேபணை சொல்லல?" என்று அதிகாரி கேட்டாராம்.

"எல்லாரும் கையத் தூக்கிக்கினு இருந்தாங்க சார்" என்றாராம் அக்கா.

நாகய்யா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சந்திரகிரிக்காரர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட இன்னொரு கடிதம் போனது. விசாரணை அத்தோடு முடிந்தது. அக்கா ஆறு மாதம் கழித்து அதே பரீட்சையை மறுபடியும் எழுதித் தேறினார்.

நான் வேலைக்குத் திரும்ப நாலு மாதம் ஆயிற்று. பேச்சு வந்துவிட்டது; வலது கை இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னதைக் கேட்கிறது. முதல் நாள் எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். புதுக் கண்டக்டர். மரியாதையான பையன், டிக்கெட்டைக் கொடுத்தான், போய்விட்டான். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவின் கணவருக்கு நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால், அவரும் அந்த டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக நாகய்யா சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு நாயுடுபேட்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஒரு பஸ் உள்ளே நுழையும்போதே அந்தக் குரல் கேட்டது, தெலுங்கில் யாரையோ அதட்டிக்கொண்டு. ஏறி உட்கார்ந்தேன். அக்கா ஒவ்வொரு சீட்டாக வந்தார். என்னைப் பார்த்தார். மெஷினில் விரல் நின்றது. ஆச்சரியப்பட்டதாக முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணில்தான் கொஞ்சம் தண்ணீர்.

"எங்க சார் போகணும்?"

"இந்த பஸ் எதுவரைக்கும் போவுதோ, அதுவரைக்கும்."

"அங்க இன்னா வேல உங்களுக்கு?"

"ஒரு வேலையும் இல்லக்கா."

அவர் டிக்கெட் அடித்துக் கையில் கொடுத்தார். அதில் எந்த ஊர் பெயர் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.