தொட்டிக்குள் பஞ்சாயத்து

நீல மீன் மறுபடியும் சின்னக் கோமாளி மீனைத் தொட்டியின் மூலைக்கு விரட்டிவிட்டது.

யிப் சோற்றுக் கிண்ணத்தோடு எழுந்து போய்க் கண்ணாடியில் தட்டினார். "ஏய், விடு. விடுன்னா விடு. அவன் உன்னை என்ன பண்ணான்?"

நீல மீன் அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு கோமாளியின் வாலில் ஒரு கடி கடித்தது.

மேசையில் அவருடைய அம்மாவும் மனைவி சுக்-யீயும் எதிரெதிரே உட்கார்ந்து, இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீனிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், சோறு ஆறுதுடா" என்றார் அம்மா.

"இங்க அடிதடி நடக்குது. இப்ப சோறு ஒண்ணுதான் கேடு!"

"பாவம், நீ அதைக் கவனி. நாங்க சாப்பிட்டுக்கறோம்" என்றாள் சுக்-யீ, மீனின் கன்னச் சதையை எடுத்து மாமியார் கிண்ணத்தில் வைத்தபடி.

யிப் அதைப் பார்க்கவில்லை. அவர் கோமாளி மீனின் வாக்குமூலத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

சமாதானம் செய்துவைப்பதுதான் யிப்புக்குத் தொழில். கௌலூனில் எட்டுக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில், குடியிருப்பவர்களின் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரியாகப் பதினேழு வருடம் ஓட்டிவிட்டார். மேல்வீட்டு ஏசித் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டினால் யிப்பைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மேலே போய்க் கீழ்வீட்டார் சொன்னதைச் சொல்வார். கீழே வந்து மேல்வீட்டார் சொன்னதைச் சொல்வார். இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை விடமாட்டார், அது நேர்மை. ஏசியில் தொடங்கியது பத்து வருடத்துக்கு முந்தைய செருப்பு அலமாரி வரைக்கும் போய் நிற்கும். அவர் கைக்கு ஒரு தகராறு போனால் குட்டி போட்டுத்தான் திரும்பும் என்று வாசல் காவலாளிகள் பேசிக்கொள்வார்கள். அவருடைய காதுக்கு மட்டும் அது எட்டியதே இல்லை.

அப்பா போனபிறகு, வசந்த காலத்தில் அம்மா இவர்களோடு வந்து சேர்ந்தார். பதினேழாவது மாடியில் நானூறு சதுர அடி வீடு. அம்மாவோடு இரண்டு பெரிய சூப்புப் பானைகளும் வந்தன. முதல் வாரம் சமையலறையில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. யிப் தம் கடமையைச் செய்தார்.

"சுக்-யீ, நீ வெக்கற சூப்புல எண்ணெய் மிதக்குதுன்னு அம்மா சொல்றாங்க. ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

பிறகு அம்மாவிடம் போனார். "உங்க பானை ரெண்டும் பாதி சமையலறையை அடைக்குதாம், அம்மா. சுக்-யீ தப்பா சொல்லல. சும்மா சொன்னா."

இப்படி இரண்டு மாதம் இரவும் பகலுமாகச் சமாதானம் செய்துவைத்ததில், அம்மா துன் முன் பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவேன் என்றார். சுக்-யீ அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். யிப்புக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. இலையுதிர்கால நிலாத் திருவிழாவுக்குக் குடும்பம் முழுக்க ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஊர் முழுக்கச் சமாதானம் பேசுகிறவன் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து நிலா கேக் வெட்டினால் எந்த முகத்தோடு நாளைக்கு வேலைக்குப் போவது? அதைவிட, அவருக்கு இரண்டு பேருமே வேண்டியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மருமகளும் சேர்ந்தாற்போல் கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தார்கள்.

"ஃபெங்சுயி பாக்கற ஆளைப் பாத்தேன்" என்றார் அம்மா. "தென்கிழக்கு மூலைல கடல்தண்ணித் தொட்டி வெக்கணுமாம். அதுல மீனுங்க சண்டை போடாம இருந்தா வீட்டுலயும் சண்டை இருக்காதாம்."

அந்த ஆளைச் சுத்த ஏமாற்றுக்காரன் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த சுக்-யீ, "வெச்சுடலாம். ஆனா மீன் நீதான் பாத்து வாங்கணும், எங்களுக்கு என்ன தெரியும்? பூன் கடைக்கே போ. வேற எங்கயும் போகாத" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியதை யிப் அன்றுதான் பார்த்தார். தாம் பாடுபட்டது வீண்போகவில்லை என்று நெஞ்சு விம்மியது.

மொங் கொக்கின் மீன் தெருவில் கடைக்குக் கடை பிளாஸ்டிக் பைகளில் மீன் தொங்கும். பூன் கடை நடுவில் இருந்தது. யிப் பெயரைச் சொன்னதுமே பூன் எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சாதுவான மீனா வேணும் பூன் அண்ணே. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும்."

"உங்களுக்குன்னே இருக்கு யிப் சார்" என்று பூன் ஒரு ஜோடிக் கோமாளி மீன்களைக் கொடுத்தார்.

இரண்டில் பெரியது பெண். அது மூன்றாம் நாளே சின்னதை ஓட ஓட விரட்ட ஆரம்பித்தது. "புருஷன் பொண்டாட்டி சண்டை சார். ஒரு குழந்தை வந்தா அடங்கிடும்" என்று பூன் தந்த குழந்தைதான் இந்த நீல மீன்.

இப்போது குழந்தையும் தாயும் கட்சி சேர்ந்து தகப்பனை வெளுக்கிறார்கள்.

மறுநாள் யிப் மறுபடியும் பூன் முன்னால் நின்றார்.

"தொட்டியில பெரிய மனுஷன் ஒருத்தன் இல்ல சார், அதான் குறை" என்றார் பூன். பாதி உடம்பு ஊதா, பாதி மஞ்சளாக விரல்நீள மீன் ஒன்றைப் பையில் பிடித்துக் காட்டினார். "இது துறவி. குகைக்குள்ள போய் உக்காந்தா யாரு வம்புக்கும் போகாது."

துறவி குகைக்குள் போய் உட்கார்ந்தது. அந்த வழியாகப் போகிற அத்தனை பேரையும் வெளியே வந்து கடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தது.

"இப்ப மொத்தம் எத்தனை மீனு?" என்று அம்மா சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார்.

"நாலும்மா."

அம்மா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "நாலா? நாலுன்னு சொன்னாலே சாவுன்னு காதுல விழுமே! இந்தக் கட்டடத்துலயே நாலாவது மாடி கிடையாது. லிஃப்டுல பொத்தான்கூட வெக்கல. நீ வீட்டுக்குள்ள நாலை வெச்சு வளக்கறியா? என்னைக் கொண்டுபோகணும்னு இருக்கியாடா?"

"அம்மா சொல்றது நியாயம்தான்" என்றாள் சுக்-யீ. "உடனே போய் இன்னொண்ணு வாங்கிட்டு வா. பூன் கிட்டயே."

ஐந்தாவதாக வந்தது உடம்பு முழுக்கக் கோடு போட்ட சின்ன மீன். "சுறுசுறுப்பான பய சார். யாரையும் ஒரு இடத்துல இருக்கவிடமாட்டான்" என்றார் பூன். சொன்ன சொல் தவறவில்லை. அன்று மாலைக்குள் துறவிகூடக் குகையைக் காலி செய்துகொண்டு ஓடியது.

"பாறையெல்லாம் இடம் மாத்தி வையுங்க" என்றார் பூன் போனில். "பழைய இடம் போனா பழைய பகையும் போயிடும்."

சனிக்கிழமை முழுக்க யிப் தோள்வரை உப்புத் தண்ணீரில் கையை விட்டுப் பாறைகளைப் புரட்டினார். பழைய பகை போனதா தெரியாது. ஐந்து மீன்களும் ஐந்து புது இடத்துக்காகப் புதிதாக அடித்துக்கொண்டன.

யிப் தளர்ந்துவிடவில்லை. ஆபீஸ் வழக்கப்படி நோட்டு போட்டார். ஒரு பக்கம் வாதி, ஒரு பக்கம் பிரதிவாதி. "காலை ஏழு பத்து: கோடு, துறவியை முதுகில் இடித்தது. துறவி தரப்பில் முன்பகை உண்டு." காலையில் வழக்குப் பதிவு, மாலையில் தண்ணீரில் உப்பளவு சோதனை, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுவது. மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நிற்க அவருக்குக் கொஞ்சமும் நேரம் கிடைக்கவில்லை. அது அவரை உறுத்தியது.

ஏனென்றால் வீட்டில் ஒரு மாதிரியான அமைதி நிலவியது. இரண்டு பெண்களும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு டிவி பார்த்தார்கள். இவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். சிலசமயம் சிரிப்பையும் நிறுத்தினார்கள். இது புயலுக்கு முந்தைய அமைதி என்று அவருடைய பதினேழு வருட அனுபவம் அடித்துச் சொன்னது.

ஒருநாள் துணிந்து ஆரம்பித்தார். "அம்மா, சுக்-யீ உங்க பானையைப் பத்தி மறுபடியும் ஏதாவது..."

"டேய், அங்க பாரு! நீலம் வாலைக் கடிக்குது!"

யிப் தொட்டிக்கு ஓடினார்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பூன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "தொட்டி பக்கத்துல ஒரு கண்ணாடி சாத்தி வையுங்க சார். முரட்டு மீனு தன் நிழலோடயே சண்டை போட்டுட்டுக் கிடக்கும். மத்ததுங்க பிழைச்சுப்போகும்."

யிப் சுக்-யீயின் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிவந்து சாத்தினார். அதிசயம், நீலமும் கோடும் கண்ணாடியோடு மல்லுக்கு நிற்க, மற்ற மூன்றும் நிம்மதியாக நீந்தின. யிப் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்த அழகைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

புழுக்கமாக இருந்ததால் மரக்கதவைத் திறந்துபோட்டு இரும்புக் கதவை மட்டும் சாத்தி வைத்திருந்தார்கள். கண்ணாடி நேராக எதிர்வீட்டு வாசலைப் பார்த்தது.

"யிப்!" என்று எதிர்வீட்டு குங் அம்மாள் கம்பி வழியாகக் கத்தினார். "உங்க வீட்டுப் பீடையெல்லாம் கண்ணாடி வெச்சு எங்க வீட்டுக்குத் திருப்பி விடறியா?"

"ஐயோ குங் அம்மா, இது மீனுக்கு!"

"மீனு முகம் பாத்துப் பவுடர் பூசுதாக்கும்! யாருகிட்ட கதை விடற?"

அரைமணி நேரத்தில் அவர் வாசலுக்கு மேல் பீடையைத் திருப்பும் எட்டுப் பட்டைக் கண்ணாடி ஒன்று இவர்கள் வீட்டைப் பார்த்துத் தொங்கியது. யிப் சட்டையை மாற்றிக்கொண்டு சமாதானம் பேசப் போனார்.

"எங்கம்மா உங்களை வம்புக்காரின்னு எப்பவோ ஒருதடவை சொன்னாங்கதான். ஆனா கெட்ட அர்த்தத்துல இல்ல, குங் அம்மா."

சாயங்காலம் எதிர்வாசலில் இன்னும் இரண்டு கண்ணாடிகளும், வாயைப் பிளந்த ஒரு கத்தரிக்கோலும் சேர்ந்துகொண்டன. யிப் தோற்றுப்போய்த் தம் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்தார். நீல மீன் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது.

திருவிழா அன்று காலை அவர் படுக்கையறைப் பக்கம் போனபோது, கட்டில்மேல் ஒரு பயணப்பை திறந்து கிடந்தது. உள்ளே அம்மாவின் பூப்போட்ட சட்டைகள். அவற்றுக்கு மேல் சுக்-யீயின் துணிகள்.

யிப் இரண்டு பேர் துணியையும் புரட்டிப் பார்த்தார். ஒருத்தி போவாள் என்று பயந்தார். இரண்டு பேருமே கிளம்புகிறார்கள்! தொட்டி இப்படி நாறிக்கிடந்தால் எவள்தான் இருப்பாள்? இரவுக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும். ஐந்து மீன்களையும் வலையில் அள்ளி ஐந்து பைகளில் போட்டுக்கொண்டு மீன் தெருவுக்கு ஓடினார்.

பூன் கடையில் பூன் இல்லை. கல்லாவில் அவருடைய அக்கா உட்கார்ந்து பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார். யிப் அவரை இதற்குமுன் பார்த்ததில்லை.

"அக்கா, இதெல்லாம் எனக்கு வேணாம். சண்டையே போடாத மீனாக் குடுங்க. என் குடும்பமே போயிடும் போல இருக்கு."

அக்கா பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "அடக் கடவுளே, இந்த அஞ்சையுமா ஒரே தொட்டியில போட்டீங்க? இந்தக் கோடு போட்டது கொலைகாரப் பயலாச்சே!"

"அப்ப சாது மீனே கிடையாதா?"

"ஏன் இல்லாம? இந்தச் சுவரு முழுக்க அதுதான். வருஷக்கணக்குல ஒண்ணா இருக்கும், ஒரு செதிலு உதிராது. எந்த வீடு நீங்க?"

"பதினேழாவது மாடி. யிப்."

அக்காவின் கை பம்பளிமாஸோடு நின்றது. கல்லாவுக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, யிப் சாரா! உங்களுக்குன்னு ஒரு மீனு தனியா எடுத்து வெச்சிருக்கானே தம்பி!" குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து வைத்தார். உள்ளே கறுத்த மீன் ஒன்று, பிளாஸ்டிக்கையே கடித்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் மூணு நாளு மக்காவ் போறாங்களாம். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்களுக்குப் பொழுது போகணுமே."

"யாரு ரெண்டு பேரு?" என்றார் யிப். "நான் பூன் அண்ணன்கிட்ட முதல் நாள்லேருந்து சாது மீனுதானே கேட்டேன்?"

"நீங்க கேட்டீங்க சார், இல்லேன்னு சொல்லல" என்றார் அக்கா, ஒரு சுளையை அவர் பக்கம் நீட்டியபடி. "ஆனா உங்களுக்கு முந்தியே உங்கம்மாவும் உங்க வீட்டம்மாவும் ஒண்ணா வந்து, 'இருக்கறதுலயே சண்டைக்கார மீனாப் பாத்துக் குடுங்க, அவன் அதுங்களுக்குப் பஞ்சாயத்து பண்ணிட்டுக் கிடக்கட்டும், நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருந்துக்கறோம்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்களே!"