மாண்புமிகு உறுப்பினரின் ஜோடி

"ஜோடியாம் ஜோடி! மொதல்ல எழுந்திரிங்க. இந்த ரயிலை விட்டா ஓட்டெடுப்புக்குப் போய்ச் சேர முடியாது!"

வினிஃப்ரெட் சீமாட்டி கணவரிடம் போட்ட சத்தத்தில் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஜன்னல் திறந்திருந்ததால், எதிர்வீட்டுத் திரைச்சீலைகளைச் சரிசெய்துகொண்டிருந்த எங்கள் தெருவாசிகள் அனைவரின் காதிலும் அது 'தற்செயலாக' விழுந்தது.

பிரிட்டன் பெற்ற அரசியல் மேதைகளில், சபைக்குப் போகாமலே நாட்டை வழிநடத்தியவர் என்ற பெருமை எங்கள் மார்டில்பரி தொகுதி உறுப்பினர் சர் லயனல் த்வெய்ட் ஒருவரையே சேரும். அவருடைய கன்னிப்பேச்சு சாக்கடை பற்றியது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் அடுத்த பேச்சு நிகழவில்லை. கொஞ்ச காலம் மீன்வளத் துணை அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் மீன்கள் நிம்மதியாக இருந்தன.

அவருடைய சாதனை எல்லாம் 'ஜோடி சேர்வதில்'தான். ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் பேசிவைத்துக்கொண்டு ஓட்டுப் போட வராமல் இருந்துவிடுவார்கள். கூட்டலும் கழித்தலும் சரியாகப் போய்விடும். எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை, கனவான் வாக்கு. சர் லயனலின் நிரந்தர ஜோடி எதிர்க்கட்சியின் ஈனிட் கிராடக். அந்த அம்மாள் இப்போது அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று ஓட்டெடுப்பு எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடுவது பற்றி. மூட வேண்டும் என்றது சர் லயனலின் சொந்தக் கட்சி. மூட விடமாட்டேன் என்று சந்தைத் திடலில் சத்தியம் செய்தவர் சர் லயனல். கட்சியையும் பகைக்காமல் எங்களையும் பகைக்காமல் இருக்க, ஜோடி சேர்ந்துவிட்டார்.

வினிஃப்ரெட் விடுவதாக இல்லை. மகள் பிலிப்பாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம்.

"ஈனிட், நீ போனா எப்படி ஓட்டுப் போடுவே?"

"மூடக் கூடாதுன்னுதான். இதென்ன கேள்வி?"

"நீங்க?"

"சத்தியம் பண்ணிருக்கேனே வினி. மூடக் கூடாதுன்னுதான்."

"அட புத்திசாலிகளா! ரெண்டு பேரும் ஒரே பக்கம். அப்புறம் யாரை யார் கழிக்கறீங்க?"

ஸ்கோன் பாதி வழியில் நின்றது. "அட, ஆமா!" என்றார் ஈனிட்.

"கெளம்புங்க அப்போ!"

"அதெப்படி?" என்றார் சர் லயனல். "வாக்குக் கொடுத்திருக்கேன். ஈனிட் என்னை விடுவிச்சா ஒழிய..."

"தாராளமா விடுவிப்பேன் சர் லயனல். ஆனா நீங்க வாய்விட்டுக் கேட்கணுமே."

"ஒரு சீமாட்டிகிட்ட வாக்கைத் திருப்பிக் கேட்கறதா? சேச்சே. நீங்க கேளுங்க, நான் உடனே விடுவிக்கறேன்."

"உங்க வீட்டு ஸ்கோனைத் தின்னுட்டு நான் எப்படிக் கேட்பேன்? மரியாதையா இருக்காது."

"இல்லல்ல, நீங்கதான் மொதல்ல."

"நீங்க மூத்தவர்."

"யாராவது கேட்டுத் தொலைங்களேன்!" என்று வினிஃப்ரெட் குடையால் தரையைக் குத்தினாள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் குரலை உயர்த்திவிட்டாளே என்று எங்களுக்கெல்லாம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ரயில் ஊதியது. மன்னிப்புக் கேட்காமல் போயே விட்டது.

ஒரே ஒரு ஓட்டு அதிகம் பெற்று மசோதா நிறைவேறியது. போகாத ஓட்டு இரண்டு.

கொடுத்த வாக்கைக் காத்தார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. எந்த வாக்கை என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. கட்சி அவரைப் பிரபுவாக்கி மேல்சபைக்கு அனுப்பியது. பிலிப்பாவுக்கு மலைப்பாதையில், பேருந்தின் பின்னிருக்கையில் பெண் பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள், நடத்துநர் புண்ணியத்தில்.

அதற்குப் பிறகு பிலிப்பா கைக்குழந்தையோடு மலைக்கு அந்தப் பக்கமே குடிபோய்விட்டாள். வினிஃப்ரெட்டும் அவளோடு போய்விட்டாள், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல். ஈனிட் அரசியலை விட்டு, வேல்ஸில் தேனீ வளர்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டார். புதுப் பிரபு லண்டனுக்கே போய்விட, காலியான இடத்துக்கு அவருடைய அண்ணன் மகன் நின்றான். வீடுவீடாக வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஊருக்கு ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டான்.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மாதமாக இருந்தார்கள். ஆனாலும் வீடு தேடி வந்த பிள்ளையிடம் குறை சொல்வது அழகா?

"ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லி, சித்தப்பாவுக்குப் போட்டதைவிட அதிக ஓட்டுப் போட்டு அனுப்பிவைத்தோம்.