காக்காவின் கையும் வைப்பர் அண்ணேயின் மிசினும்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஓடாத பொருளை ஓட வைக்கத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஓடவே கூடாத பொருளையும் ஓட வைத்தவர் வைப்பர் அண்ணே ஒருவர்தான்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து, கார்களுக்கு ஒயரிங் செய்யும் பட்டறை போட்டார். பழைய கார்களின் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரைக் கழற்றி எதில் வேண்டுமானாலும் மாட்டிவிடுவார். சாமி படத்துக்கு முன்னால் மணி அடிக்க ஒன்று, தேங்காய் துருவ ஒன்று. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் மாட்டியதுதான் வினையாகிவிட்டது. அந்தக் குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே குதிக்கக் கற்றுக்கொண்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அண்ணே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகாத குமாஸ்தா. அந்தப் பட்டறைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்தேன். எதிரே ரொட்டிச் சானாய் கடை, பரோட்டாவின் மலேசியச் சொந்தக்காரன் அது. கடைக்காரரான தமிழ் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மாவை வீசினால் மறுபக்கத்தில் இருப்பவர் முகம் தெரியும், அவ்வளவு மெலிசு.

அந்தக் கடையின் விசிறியைப் பழுது பார்க்கப் போய்த்தான் இருவருக்கும் பகை வந்தது. அண்ணே அதற்குள் ஏதோ லோரி மோட்டாரை வைத்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும், காக்கா வீசிய ரொட்டி கல்லுக்குத் திரும்பவில்லை. மூன்றாம் மேசையில் பசியாறிக்கொண்டிருந்த ஓர் அரசாங்க அதிகாரியின் வழுக்கைத் தலையில் தொப்பியாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் தினமும் காலையில் அண்ணே என்னிடம், "ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா லா. எனக்குன்னு மட்டும் சொல்லாத," என்பார். காக்கா என்னைப் பார்த்ததும், "அவனுக்குத்தானே? இரு, நல்லா முறுகலா போட்டுத் தாரேன். தெரிஞ்சு போட்டேன்னு சொல்லாத," என்பார். நான் இருவருக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வந்தேன்.

ஒரு நாள் காலை ரொட்டிக் கல்லருகிலேயே காக்கா சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சும் காலும் ஓரளவு தேறியிருந்தன. வலது கை மட்டும் இறுக மூடிக்கொண்டு திறக்க மறுத்தது. அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கடை மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் சொன்ன கைப் பயிற்சிக்கு ஒரு தடவை போனதோடு சரி.

"பந்தைப் புடிச்சு அமுக்கணுமாம். நான் என்ன பச்சப்புள்ளயா? இந்தக் கை செத்துப் போச்சு, விடுங்க," என்றார். வேலைக்கு வந்த ஆள் போட்ட ரொட்டியை மக்கள் மௌனமாக மென்றார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணே இரண்டு நாள் இதைப் பார்த்தார். மூன்றாம் நாள் பட்டறையைச் சாத்திவிட்டு, என் கையை அட்டையில் வைத்து அளவெடுத்தார். மோட்டார் சைக்கிள் கையுறை, விரலுக்கு விரல் சைக்கிள் பிரேக் கம்பி, அதை இழுக்க ஒரு மோட்டார். எந்த மோட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்கம்பி இழுத்தால் விரல் திறக்கும், கீழ்க்கம்பி இழுத்தால் மூடும். ஒரு மாதம் என் கைதான் சோதனைக்கூடம். அலுவலகத்தில் மேலதிகாரி பேசும்போது என் விரல்கள் தாமாகவே விரிந்து மடங்கின.

மிசினைத் தூக்கிக்கொண்டு அண்ணே கடைக்குள் நுழைந்தபோது காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விசிறியைக் கெடுத்தே. இப்ப கையைக் கெடுக்க வந்தியா?"

"நீங்கதான் கை செத்துப் போச்சுன்னு சொல்லிட்டீங்களே. செத்த கையை நான் எப்படி லா கெடுக்கிறது?"

காக்கா துண்டை விலக்கினார். கையை வெந்நீரில் ஊற வைத்து, மெல்ல மெல்ல உறையை மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் விரல்கள் விரிந்தன. அதிசயத்தைக் கிட்டத்தில் பார்க்க அண்ணே குனிந்தார். விரல்கள் மூடின, அவருடைய மீசையோடு சேர்த்து.

"அலமாக்! விடுங்க காக்கா!"

"நானா புடிச்சிருக்கேன்? உன் மிசின்லா புடிச்சிருக்கு!"

நான் பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் மூடிய நிலையிலேயே நின்றுவிட்டது. கடைசியில் கம்பியை வெட்டித்தான் மீசையை மீட்டோம். காக்கா சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. விழுந்த நாளிலிருந்து அவர் அதுவரை சிரித்ததேயில்லை.

மறுவாரம் மிசினோடு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, சிரிக்கவில்லை. கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேகம் ஆகாது. இன்னொன்னு அண்ணே, எல்லாத்தையும் மிசினே செஞ்சா கை சும்மா தூங்கும். அவர் முதல்ல முயற்சி பண்ணணும், மிச்சத்தைத்தான் மிசின் செய்யணும்," என்றார்.

அண்ணே மூன்று நாள் பட்டறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். நான்காம் நாள் வேகத்தைக் குறைத்து, விரலுக்கு மேல் வாசல் மணி சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி வந்தார். காக்காவின் விரல் தானாக நூலளவு நிமிர்ந்து அதைத் தொட்டால்தான் மோட்டார் இழுக்கும். இல்லாவிட்டால் மிசின் கல்லாகக் கிடக்கும். இடது கைக்கு ஒரு பிடியும் வைத்திருந்தார், அதை விட்டவுடன் மோட்டார் நின்றுவிடும். மீசை கற்றுக்கொடுத்த பாடம் அது.

காக்கா பத்தே நிமிடத்தில் ஏமாற்றக் கற்றுக்கொண்டார். அண்ணே அந்தப் பக்கம் திரும்பினால், பிடியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு இடது கையால் சுவிட்சை அமுக்குவார். இதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து, அந்தக் கையில் பிடிக்குப் பதிலாகச் சுடச்சுட தே தாரிக் கிளாஸ், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, வந்து உட்கார்ந்தது. ஆபத்தென்றால் பிடுங்க, பிளக் பக்கத்தில் காவலுக்கு நான் உட்கார்ந்தேன்.

"கிளாஸைக் கீழ வச்சீங்க, மிசினைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"நீ மனுசனா லா?"

மாதக் கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. முழுக் கையும் திரும்பவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வந்தன. மாவை வீச முடியாது, தட்ட முடியும். காக்கா தட்டிய முதல் ரொட்டி பேராக் மாநில வரைபடம் போல இருந்தது. அதைத் தானே எடுத்து வந்து அண்ணே முன்னால் வைத்தார்.

அண்ணே மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "தோட்டத்துல நான் உருட்டுன ஷீட் இதைவிட மெதுவா இருக்கும் காக்கா," என்றார். பிறகு இன்னொன்று கேட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாற்றல் வந்தது. இருவரும் வழக்கம் போலச் சண்டை போட்டுக்கொண்டே பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். பஸ் நகர்ந்ததும் காக்கா எனக்குக் கையாட்டினார், வலது கையால். நான் அண்ணேயைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் விடைபெறாமலேதான் நான் ஈப்போவை விட்டு வந்தேன். இன்றுவரை எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.