ஹெந்தளை வழியாகக் குவாத்தமாலா

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவன் ஏதென்சையும் உரோமாபுரியையும் விட்டாலும் விடலாம். வெள்ளவத்தை உலக யாத்திரை அறிவு விருத்திச் சங்கத்தை விட முடியாது. சங்கத்தில் நாற்பத்தொரு அங்கத்தவர். ஒருவரும் யாத்திரை போனதில்லை. உலகம் போய்ப் பார்க்க வேண்டிய பொருளல்ல, கூடித் தீர்மானிக்க வேண்டிய பொருள் என்பது எங்கள் கொள்கை. அதன் கௌரவக் காரியதரிசியாகப் பதினொரு வருஷம் இருந்தவன் நான். ஆகவே இங்கே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொல்வதற்கு இந்த வயதில் ஞாபகசக்தி போதாது.

1938இல் எங்கள் தலைவர் சவுந்தரநாயகம் துணிந்து கொள்கையை மீறினார். கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். குவாத்தமாலா மலைநாட்டில், மாயா என்ற பழங்குடி மக்கள் வாழும் ஒரு சிற்றூருக்குப் போய்வரப் போவதாக அறிவித்தார். மாலை போட்டு அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து வைக்கோல் தொப்பியுடன் திரும்பினார். அந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவை அவரை நான் கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளையில் கண்டேன். மச்சான் வீட்டு முற்றத்தில் சாரம் உடுத்திச் சாய்ந்து, தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. குவாத்தமாலாவுக்கு ஹெந்தளை வழியாகப் போகக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

யாத்திரை என்றால் சொற்பொழிவு. சொற்பொழிவு என்றால் மெஜிக் லாந்தரில் படம். படத்துக்காக அவர் கொச்சிக்கடையில் போட்டோப் பிடிக்கும் இஸ்ஸதீனிடம் போனார். துணைக்கு நான்.

"மாயா நாட்டுப் படம் எங்கிட்ட எப்பிடி, சேர், ஈக்கும்?" என்றார் இஸ்ஸதீன்.

"மலை வேணும். பனிமூட்டம் வேணும். பொம்பிளையள் நெத்தியில கயிறு மாட்டி முதுகில சுமக்கவேணும். புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு..." தலைவர் என்னைப் பார்த்துச் செருமினார். "நான் கண்ணால கண்டனான்."

இஸ்ஸதீன் உள்ளே போய் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் படங்களைக் கொண்டுவந்தார். "போன மாசம் ஒரு தேயிலைக் கொம்பனிக்குப் புடிச்சது, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில. மலையும் ஈக்கி, பனியும் ஈக்கி, கயிறும் ஈக்கி. ஆனா, பாக்கிற ஆக்கள் கண்டு புடிச்சா?"

"வெள்ளவத்தையில ஆர் கண்டுபிடிக்கிறது?" என்றார் தலைவர்.

எங்கள் நாற்பத்தொரு வீட்டிலும் சமைக்கவோ கூட்டவோ தேயிலைத் தோட்டப்பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அவர் எங்கிருந்து வந்தார் என்று எட்டிப் பார்த்தவர் எங்களில் ஒருவருமில்லை.

தலைவர் வீட்டுச் சமையற்காரன் வேலுசாமி. ஊருக்குப் போய் இரண்டு வருஷம். மனைவி குப்பாயி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நெஞ்சுச்சளி முற்றிவிட்டது, வந்து பார் என்று கடிதம் வந்திருந்தது. அவனுக்கு வேண்டியவை நாலு நாள் லீவும் ஒரு சிபாரிசுக் கடிதமும். தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவன் அங்கே வெளியாள். பெரிய மனிதர் யாராவது எழுதிக்கொடுக்காமல் தோட்டத்துத் துரை உள்ளே விடமாட்டார்.

"லெக்சர் முடியட்டும், பாப்பம்," என்றார் தலைவர். "அத்தினை பேருக்கும் தேத்தண்ணி ஆரடா ஊத்துறது?"

சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்து யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, படம் காட்டத் தொடங்கினோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையைக் காட்டி, "மாயாக்களின் ஆலயத் தாழ்வாரம்" என்றார் தலைவர். கங்காணியைக் காட்டி, "தலைமைப் பூசகர்" என்றார். சபை மூச்சுவிடாமல் கேட்டது. ஐந்தாவது படத்தில் ஒரு பெண். நெற்றியில் கயிறு, முதுகில் கூடை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேரே எங்களைப் பார்த்தாள்.

மாதர் பகுதித் தலைவி அருந்ததி அம்மையார் விம்மிவிட்டார். "ஐயோ, இந்த மாயாச் சனத்தை இப்பிடி மாடாய் உழைப்பிக்கிறவை மனுசரோ?"

பின்னால் தேநீர்த் தட்டு ஒன்று விழுந்தது.

"ஐயா! அது நம்ம குப்பாயிங்க!"

விளக்கைப் போட்டார்கள்.

"வேலுசாமி, அது மாயாப் பொம்பிளை," என்றார் தலைவர்.

"இல்லீங்கய்யா, நம்ம பொண்டாட்டிங்க. புருவத்துல பாருங்க தழும்ப. நான் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டையில கத்தி பட்டதுங்க."

"மாயாப் பொம்பிளையளுக்குப் புருவத்தில தழும்பு இருக்கும். அது அவையின்ர வழக்கம்."

"அவ கட்டியிருக்கிற சீலைகூட நான் வாங்கிக் குடுத்ததுங்க. புறக்கோட்டையில வாங்கினதுங்க."

தலைவர் சபைப் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ? எங்கட புறக்கோட்டை வியாபாரம் குவாத்தமாலா வரைக்கும் போயிருக்கு!"

கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் பிடித்தது.

நிலைமையோ பாரதூரமானது. படத்தில் இருப்பவள் குப்பாயி என்றால் தலைவர் போனது ஹெந்தளை. தலைவரின் மானமா, சமையற்காரனின் மனைவியா? நான் எழுந்து, "மேற்படி படத்தில் காணப்படும் மாது மாயா இனத்தவரே" என்று முன்மொழிந்தேன். அருந்ததி அம்மையார் கண்ணைத் துடைத்தபடி வழிமொழிந்தார். நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. வேலுசாமி அங்கத்தவனல்ல; ஆகவே தன் மனைவி யார் என்பதில் அவனுக்கு வாக்கு இல்லை. மாயா மக்களின் துயர் கண்டு இச்சங்கம் கண்ணீர் வடிக்கிறது என்ற அடுத்த தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. தேநீர் நன்றாக இருந்தது.

சபை கலைந்ததும் வேலுசாமி வந்து நின்றான். "அவ யாரா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டுங்கய்யா. அந்த லீவும் கடுதாசியும்..."

தலைவர் மனமிரங்கி லீவு கொடுத்தார். கடிதம் என் தலையில் விழுந்தது. சங்கத்துத் தாளில் "இவருடைய மனைவி" என்று எழுதினால் தீர்மானத்துக்கு முரண். நெடுநேரம் யோசித்து இங்கிலீசில் இப்படி எழுதினேன்: "இதைக் கொண்டுவருபவர், தங்கள் தோட்டத்தில் இருப்பதாகத் தாம் நம்பும் குவாத்தமாலாப் பெண் ஒருத்தியைப் பார்வையிட விரும்புகிறார்." கீழே முத்திரையும் குத்தினேன். இங்கிலீசு தெரியாத வேலுசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயிலேறினான்.

இரண்டாம் நாளே திரும்பிவிட்டான்.

"என்னடா, கண்டியோ?" என்றார் தலைவர்.

"தொரை கடுதாசியப் படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாருங்க. அப்புறம் வாச்சரக் கூப்பிட்டு வெளிய தள்ளச் சொல்லிட்டாரு. ரோட்டுல நின்னு பாத்தேன். மலையில ஏறிக்கிட்டு இருந்தா. கூப்பிட்டேங்க. அவ இருமுற இருமல்ல அவளுக்குக் காது கேக்கல." பிறகு என் பக்கம் திரும்பினான். "அதுல என்னங்கய்யா எழுதியிருந்தீங்க?"

"உள்ளதைத்தான் எழுதினன்," என்றேன். சபை ஏற்றுக்கொண்டதுதானே உள்ளது.

தை மாதம் தந்தி வந்தது. குப்பாயி செத்துப்போனாள். எங்கள் சங்கத்தின் மனிதாபிமானத்தில் எவரும் குறை காண முடியாது: அன்றே அவசரக் கூட்டம், அனுதாபத் தீர்மானம், இரண்டு நிமிட மௌனம் என்று ஏற்பாடாகிவிட்டது. விதிப்படி முதலில் பழைய அறிக்கையைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். முன்னும் பின்னும் புரட்டினேன். வேலுசாமிக்கு மனைவி என்று ஒருத்தி இருந்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை. எனவே அனுதாபம் கைவிடப்பட்டது.

அறிக்கை என் கையெழுத்தில்தான் இருந்தது. அன்று மண்டபத்தில் அவன் கத்தியதையும், தழும்பையும், சீலையையும், தட்டு விழுந்த சத்தத்தோடு சேர்த்து ஒரே சொல்லில் முடித்திருந்தேன்: "இடையூறு".