மாரியிலும் நிறைந்த லொட்ஜ்

"மாரியில அறையெல்லாம் காலியாக் கிடந்தா கடனை எப்பிடிக் கட்டுவீங்கள்?" என்று வங்கி அதிகாரி பிரியதர்சினி கேட்டதும் நௌபருக்கு மண்டை கொதித்தது.

"இன்னும் அத்திவாரமே போடல்ல. அதுக்குள்ள காலியெண்டு சொல்றீங்களே!"

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த காணியில் பத்து அறை ஹோட்டல் ஒன்று கட்ட வேண்டும். நௌபர் கேட்டது அவ்வளவுதான். காணி அவர் மனைவி சுஹைராவின் சீதனம்.

"சீமெந்து விலையும் ஏறினா, பத்து அறை வருமானம் சம்பளத்துக்கே காணாது," என்றாள் பிரியதர்சினி.

"அப்ப பதினாறாப் போடுங்க!"

கோபம் வந்தால் நௌபருக்கு எண்கள் பெருகும். கடனும் பெருகியது. காணி போதாது, குடியிருக்கும் வீட்டையும் ஈடு வைக்கச் சொன்னது வங்கி. வீடும் சுஹைராவின் சீதனம்தான்.

"வாப்பா தந்த வீடு. ஒங்கட கோவத்துக்கு நானும் புள்ளைகளும் றோட்டுல நிக்க ஏலாது," என்று சுஹைரா வெடித்தாள். "மாரியில ஆள் வருமெண்டு காட்டுங்க. பிறகு ஒப்பம் வைக்கிறன்."

"காட்டுறன்!"

காணிக்குப் பக்கத்திலிருந்த லொட்ஜில் போய்த் தங்கினார். எட்டு அறை. அவருக்குக் கிடைத்தது கடைசி அறை. ஒரு கிழமை மழை விடாமல் ஊற்றியது; ஓர் அறையாவது காலியாக வேண்டுமே! ஒருவர் போனால் மறுநாளே இன்னொருவர் வந்தார். எல்லோரும் கோப்பும் கையுமான கண்ணியமான ஆட்கள். ஒருவர்கூடக் கடலில் கால் நனைக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு கரையோரக் காணிகளையே பார்த்து நின்றார்கள். காற்று வாங்க வந்தவர்கள் என்று நௌபர் நினைத்தார்.

லொட்ஜின் பதிவுப் புத்தகத்தைப் படமெடுத்துப் பிரியதர்சினியின் மேசையில் வைத்தார்.

"மாரியிலயே இப்பிடியோ?" என்று அவள் வாய் பிளந்தாள்.

"இருபது அறை போடுங்க!" என்றார் நௌபர்.

சுஹைரா வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பம் வைத்தாள்.

வரும் வழியில் பையை எடுக்க இருவரும் லொட்ஜில் இறங்கினார்கள். காவலாளி தம்பிராசா பையைக் கொண்டுவந்து வைத்தார். நௌபரின் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"ஆள் வராதாம்! இந்த மழையிலயும் இஞ்ச அறை நிறைஞ்சுதானே கிடக்கு? கண்ணில்லாத சனம்!"

"ஓம் நௌபர் நானா," என்றார் தம்பிராசா. "எல்லாரும் உங்களை மாதிரித்தான். இஞ்ச ஹோட்டல் கட்டினா ஆள் வருமோ எண்டு பார்க்க வந்தவை."