அகத்தியிலிருந்து ஹனிமாதூ, ஆகாய வழி

‘முடியாது’ என்ற சொல் ஆகாச மாமியின் ஒரு காதில் நுழைந்தால், மறு காது வழியாக ‘எப்போ முடியும்?’ என்றுதான் வெளியே வரும். தம்பானூரில் நான் வேலை பார்த்த டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவர் மாமி. கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். விமானத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை. ஆனால் எந்த ஊரைக் கேட்டாலும், சுவரில் மாட்டிய உலகப் படத்தில் பூக்கட்டும் நாரை வைத்து அளந்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார். ஒருமுறை மாலத்தீவுக்குப் போகிறவர் ஒரு முழுப் பலாப்பழம் கொண்டுபோக வேண்டும் என்றார். மாமி விமானக் கம்பெனியோடு போனில் தொடுத்த போரில், எதிர்முனையில் இருந்தவர் தன் சொந்த ஊர்ப் பலாவை நினைத்து விசும்பத் தொடங்கிவிட்டார். பழம் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள், லீவில் ஊருக்கு வந்திருந்த மார்த்தாண்டத்துக்காரர் ஜெபா வந்தார். லட்சத்தீவில் அகத்தியில் கொத்தனார் வேலை. கல்யாணமான கையோடு மனைவி ஸ்டெல்லா, மாலத்தீவின் ஹனிமாதூ தீவுக்கு நர்ஸாகப் போய்விட்டாள். இரண்டு தீவிலும் சின்னதாக ஒரு விமான நிலையம் உண்டு.

“அக்கா, போன்ல பாத்தேன். அகத்தியிலேருந்து அங்க ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்ல, பிளேன்ல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. ஒரு டிக்கெட் போட்டுத் தாங்க.”

மானேஜர் சிரித்தார். “அது கடலுக்கு மேல கோடு கிழிச்ச கணக்காக்கும் மோனே. அங்க நேரா பிளேன் இல்லா. கொச்சிக்கு வந்து, இங்க வந்து, பின்ன அங்க போகணும். ரெண்டு நாள் ஆவும், கேட்டோ.”

ஜெபாவுக்குக் கிடைக்கிற லீவு போக வரவே சரியாகிவிடும். அவர் முகம் வாடியதை மாமி பார்த்தார். நாரை எடுத்து அளந்தார்.

“நீ ஏன் அங்க போறே? அவளும் கிளம்பட்டும், நீயும் கிளம்பு. ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கோ. எங்காத்து மாடி காலியாத்தான் இருக்கு.”

ஜெபாவின் கான்ட்ராக்டர் லீவு தர மறுத்தார். மாமி தினமும் போன் செய்தார். கடைசியில் அவரே கூப்பிட்டு, “அம்மே, லீவு கொடுத்தாச்சு. இனி போன் விளிக்கண்டா” என்று கெஞ்சினார்.

ஸ்டெல்லா வந்து இறங்கினாள். மழையில் அகத்தி விமானம் ரத்தானது. மறுநாளும் அதே கதை. ஒருவழியாக ஜெபா கொச்சி வந்து ரயில் ஏறியபோது, ஸ்டெல்லா திரும்பிப் போகிற நாளே வந்துவிட்டது.

“விடுங்க மாமி. வந்தாலும் அரை மணி நேரம்தான் பாக்க முடியும்” என்றேன்.

“அரை நிமிஷம்னாலும் பாத்துட்டுத்தான் போவா. நீ ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடு.”

ரயிலிலிருந்து இறங்கிய ஜெபாவை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் பறந்தேன். ஸ்டெல்லாவும் மாமியும் வாசலில் நின்றிருந்தார்கள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, மழையால் ஸ்டெல்லாவின் விமானமும் தாமதம் என்று. எவ்வளவு நேரம் என்று விசாரிக்கக் கிளம்பினேன். மாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பேசாம நில்லுடா. நீ போய்க் கேட்டு, அவன் சீக்கிரம் கிளப்பிடப் போறான்.”

பிறகு தன் குடையை அவர்கள் இருவரிடமும் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் முதுகைத் திருப்பிக்கொண்டு மழையில் நின்றார். நான் என் குடையை அவருக்குப் பிடித்தேன். அதற்கும் திட்டினார். திட்டட்டும் என்று, கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றேன்.